அம்மாவைச் சித்தி என்று கூப்பிட்டவள்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை சபாக்களில் க்ஷேத்ரய்யா பதம் பாடுகிறார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இது தனம்மாள் வீட்டுப் பாணி என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பக்தி. அந்தப் பதங்களில் பல எங்கம்மாவுக்கும் தெரியும். என் அம்மாச்சி மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவை. ஆனால் எங்கம்மா வாய் திறந்து ஒரு பதம் பாடி நான் கேட்டதில்லை. தாலாட்டுகூடக் கேட்டதில்லை. கதவைச் சாத்து, மெதுவாப் பேசு, யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லு. என் காதில் தங்கிய அம்மா குரல் இவ்வளவுதான்.

ஏன் பாடவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நான்தான் உங்களைக் கேட்க வந்திருக்கிறேன். எழுபது வயதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கோயில் ஊர் எங்களுடையது. அம்மாச்சிக்கு அந்தக் கோயிலில் தேவதாசியாகப் பொட்டுக் கட்டியிருந்தது. மானியமாக ஒரு வீடு, கொஞ்சம் நிலம். அம்மாவுக்கு ஐந்து வயதிலேயே அடவு தொடங்கிவிட்டது. காலையில் நட்டுவனார் தட்டுக்கழியோடு வருவார். சாயங்காலம் பாட்டு, அம்மாச்சியிடம். தாய் பாட, மகள் வாங்கிப் பாட, தப்பினால் தொடையில் ஒரு அடி. எங்கள் வீடுகளில் சங்கீதம் அப்படித்தான் வந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து உங்கள் வீடுகளில் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது.

1947இல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டக் கூடாது, கோயிலில் ஆடவும் கூடாது என்றார்கள். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் வாயில் இல்லாத வார்த்தையை யாரும் திணிக்க வேண்டாம். பொட்டுக்கட்டு ஒழிந்ததற்காக நான் அழவில்லை. பால் மணம் மாறாத பெண்ணைச் சாமி பேரைச் சொல்லிப் பெரிய மனிதர்களுக்குப் படையல் வைத்த கொடுமை அது. அதை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் எங்கள் குலத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் சின்னப் பிள்ளையிலேயே தாசி வீட்டுக்கு விலைக்குக் கொடுக்கப்பட்டவர். அந்த வலியைத்தான் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலாக எழுதினார். அவர்கள் பட்ட பாடு அவர்களைப் பேச வைத்தது. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் வழக்கத்தை ஒழித்த கையோடு நீங்கள் ஒழித்தது யாரை? வாசலில் வில்வண்டி கட்டி வந்தானே மிராசுதார், அவனை ஒழித்தீர்களா? அவன் பெயருக்கு ஒரு கீறல் விழுந்ததா? அவன் பேரன்கள் இன்றைக்கும் தாத்தா படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். என் அம்மாச்சிக்குப் படமே கிடையாது. இருந்த ஒன்றையும் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள், நான் பார்க்கக் கூடாதென்று.

எங்கப்பா யார் என்று ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. அப்பா பேர் என்ன என்று வாத்தியார் கேட்டார். நான் அம்மா பேரைச் சொன்னேன். எங்கள் வீடுகளில் அதுதான் பழக்கம். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாமல் நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளில் அம்மாச்சியின் ஒட்டியாணம் அடகுக் கடைக்குப் போனது. நாங்கள் திருச்சிக்கு வந்தோம். தெரியாத தெரு, தெரியாத ஜனம், ஒரு தையல் மிஷின்.

வந்த மறுநாள் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"இனிமே வெளியில என்னைச் சித்தின்னு கூப்பிடு."

"ஏம்மா?"

"உங்கம்மா செத்துப்போயிட்டா. நான் அவ தங்கச்சி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். வீட்டுக்குள்ள வேணும்னா அம்மான்னு கூப்பிட்டுக்கோ."

பெற்ற தாய், உயிரோடு என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, தான் செத்துப்போய்விட்டதாக எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய வாய். திருத்தி, மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி, பிசகாமல் வருகிறதா என்று பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் பெயரை அப்பாவாக எழுதினார்கள். நாளாக நாளாக வீட்டுக்குள்ளும் சித்திதான் வாயில் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்களோ என்கிற பயம்.

சங்க காலத்திலிருந்து தமிழில் தாய் புலம்புகிற பாட்டு இருக்கிறது. காதலனோடு போய்விட்ட மகளை நினைத்து, அவள் விளையாடிய பாவையையும் பந்தையும் பார்த்துப் பெற்றவளும் வளர்த்தவளும் அழுகிறார்கள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் அப்படி எத்தனை பாட்டு! குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே குழந்தையாக்கித் தாலாட்டினார். மகளுக்காக அழத் தமிழுக்குத் தெரியும். தாய் கண்ணெதிரில் இருக்கும்போதே அவளைத் தொலைத்துவிட்ட மகளுக்கு இந்தத் தமிழில் ஒரு பாட்டு இருக்கிறதா? அவளைத் தொலைக்க வைத்தவர்களைக் கேள்வி கேட்கிற பாட்டு ஒன்றாவது இருக்கிறதா?

கல்லூரியில் புகுமுக வகுப்பில் மணிமேகலை வந்தது. எங்கள் குலத்துக் கதை. சித்திராபதி, அவள் மகள் மாதவி, மாதவி மகள் மணிமேகலை. மூன்று தலைமுறைத் தாயும் மகளும் நிற்கிற காப்பியம் தமிழில் வேறு எது? கோவலன் கொலையுண்டபின் மாதவி துறவு பூண்டுவிட்டாள். இந்திர விழாவுக்கு ஆட மகளையும் அனுப்பவில்லை. ஊர் பழிக்கிறது என்று சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். வந்த வசந்தமாலையிடம் மாதவி என்ன சொல்கிறாள் தெரியுமா? மணிமேகலை கண்ணகியின் மகள் என்கிறாள். மதுரையை எரித்த பத்தினியின் மகள், அவள் தவத்துக்குத்தான் போவாள், இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள்.

பேராசிரியர் இந்த இடத்தில் குரல் தழுதழுத்தார். மாதவியின் பெருந்தன்மையைப் பாருங்கள், கண்ணகி மேல் அவளுக்கு எவ்வளவு மரியாதை என்றார். வகுப்பே உருகியது. எனக்கு மூச்சு நின்றது. பெருந்தன்மையா அது? பத்து மாதம் சுமந்து பெற்றவள், நான் அவள் தாயில்லை, வேறொருத்திதான் தாய் என்று தன் வாயால் சொல்கிறாளே. ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் கற்று, பன்னிரண்டு வயதில் சோழன் சபையில் அரங்கேறித் தலைக்கோல் வாங்கிய மாதவி. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலைக்குரிய மாதவி. அப்படிப்பட்டவளும் தன் பிள்ளையைக் காப்பாற்ற, தன்னைத் தாய் இல்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சாத்தனார் எழுதி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! திருச்சியில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டு எங்கம்மா அதையேதான் செய்தாள். ஒரு வித்தியாசம். மாதவிக்குச் சொல்லிக்கொள்ளக் கண்ணகி என்று ஒருத்தி இருந்தாள். எங்கம்மா, செத்துப்போனதாக ஒரு அக்காளைத் தானே உண்டாக்க வேண்டியிருந்தது.

அன்று வகுப்பில் கை தூக்கி இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் அந்தக் கல்லூரியில் நான் இருந்திருப்பேனா? எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் கொடுத்திருப்பாரா?

ஒருநாள் ரேடியோவில் பதம் வந்தது. யார் பாடினார்கள் என்பது இப்போது நினைவில்லை. அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது. விரல் தொடையில் மெல்ல அசைந்தது. ஒரு இடத்தில் முகம் சுளித்தாள்.

"அங்க அவசரப்படக் கூடாது. சாய்ச்சுக் கொண்டு வரணும். விட்டுட்டா."

"எப்படிச் சாய்க்கணும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை! திருடி பிடிபட்டதுபோல. எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். "எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எனக்கென்ன தெரியும்! எல்லாம் தெரிந்தவள் சொன்ன சொல் அது. அந்த 'எப்படி'யை நான் இன்றுவரை தெரிந்துகொள்ளவில்லை. அம்மாச்சி எப்படிச் சாய்த்தாள், அவளுடைய அம்மா எப்படிச் சாய்த்தாள், எல்லாம் அந்த ரேடியோக் குமிழோடு அணைந்துபோயிற்று. எந்த அருங்காட்சியகத்தில் போய்த் தேடுவேன்?

வீணை தனம்மாளுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. அவருடைய பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். தாய் சுந்தரம்மாள் பாடியவர். தனம்மாளின் மகள்கள் பாடினார்கள், பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள், இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி ஆடினார். தனம்மாளின் மகள் ஜெயம்மாள் உட்கார்ந்து பாட, அவர் மகள் பாலா எழுந்து ஆடுவார். தாயின் தொண்டையில் பிறந்தது மகளின் கையிலும் கண்ணிலும் வந்து நிற்கும். சத்யஜித் ராய் 1976இல் பாலாவைப் படம் எடுத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கம்மாவும் நானும் அப்படி ஒரு மேடையில் இருந்திருப்போம் என்று பெருமை பேசவில்லை. ஒரு திண்ணையில் இருந்திருப்போம். அதுகூட வேண்டாம், ஒரு அடுப்படியில் இருந்திருப்போம்.

எம்.எஸ். பெயரில் உள்ள 'எஸ்' யார்? சண்முகவடிவு, அவருடைய அம்மா. மதுரையில் வீணை வாசித்தவர். அந்த அம்மாளின் அம்மா அக்கம்மாள் பிடில் வாசித்தவர். உலகமே அந்தத் தாயின் பெயரை முன்னெழுத்தாகச் சொல்லித்தான் மகளைக் கூப்பிட்டது. ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? சுப்புலட்சுமி என்றதும் உங்கள் நெஞ்சில் வருவது மூக்குத்தியும் பட்டுப்புடவையும் பக்கத்தில் கணவரும். அந்தக் குரலுக்கு முதல் சுருதி கூட்டிய மதுரை வீட்டை ஏன் ஓரமாகத் தள்ளினீர்கள்? மேடையில் ஏறும்போது தாயை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் கும்பிடுவோம் என்று யார் விதித்தது?

நீங்கள் எதை விட்டுவைத்தீர்கள்? எங்கள் சதிராட்டத்தை எடுத்துக்கொண்டு பரதநாட்டியம் என்று பெயர் வைத்தீர்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்களைக் குருவாக்கினீர்கள். எங்கள் மாமன்மார்களுக்கு மதராசில் மரியாதை கிடைத்தது, நல்லதுதான், வயிறு நிறைந்தது. அடவை எடுத்துக்கொண்டீர்கள். வர்ணத்தை எடுத்துக்கொண்டீர்கள். தலைச்சாமானையும் ராக்கொடியையும் எடுத்துக்கொண்டீர்கள். அதை ஆடியவள் ஒருத்தியை மட்டும் தொடவில்லை. அவள் தொட்டால் தீட்டு. சிருங்காரம் அசிங்கம் என்றீர்கள். அதில் அசிங்கம் ஏதும் இல்லை என்று கடைசிவரை வாதாடியவர் பாலசரஸ்வதி. 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தீர்கள். கொடுத்த கையோடு அவர் குலத்துப் பெண்களைத் தெருவில் என்ன பேர் சொல்லித் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ஆட்டோவில் போகிறவன் முறைத்த பெண்ணைத் திட்டுவது எங்கள் பாட்டிமார் பேரைச் சொல்லித்தான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனால் சுவரைப் பாருங்கள். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் அவள் வீடு, ஆளுக்கு எத்தனை கலம் நெல் பங்கு, எல்லாம் இருக்கிறது. ஆயிரம் வருஷமாக மழையில் நனைந்தும் அழியாத பெயர்கள். என் அம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது? என் பள்ளிச் சான்றிதழில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் இல்லை.

கல்யாணத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் என்னால் முடியாது. அம்மாச்சி நித்திய சுமங்கலி. ஊரில் எந்த வீட்டுக் கல்யாணம் ஆனாலும் தாலிக்கயிற்றில் கருகமணி கோக்க அவளைத்தான் கூப்பிடுவார்களாம். அவள் கை பட்டால் அந்தப் பெண்ணுக்குத் தாலி நிலைக்கும் என்று நம்பிக்கை. அவள் மகள், என் அம்மா, என் கழுத்தில் தாலி ஏறும்போது சமையல்கட்டில் நின்றாள். மணையில் தாரை வார்த்துக் கொடுத்தது பதிவேட்டில் எழுதிய அந்தத் தூரத்து உறவுக்காரரும் அவர் மனைவியும். ஆசீர்வாதத்துக்கு வரிசையாகக் காலில் விழுந்துகொண்டே வந்தேன். அம்மா முறை வந்தபோது மாமியார் சொன்னார்: "சித்திதானே, அப்புறம் பாத்துக்கலாம். தனி மனுஷி வேற." அம்மா தலையாட்டிக்கொண்டே பின்னால் போனாள். மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கல்யாணமே நடந்திருக்காது. தெரியாமல் இருந்ததால் என் அம்மா கையால் ஒரு அட்சதை என் தலையில் விழவில்லை.

எதுவானாலும் ஒரு மகளுக்கு இரண்டில் ஒன்றுதானா? தாய் வேண்டுமா, தாலி வேண்டுமா? யார் வைத்த விதி இது?

அம்மா போனது என் வீட்டில்தான். கடைசியில் சித்தியை நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன், ஊர் மெச்சியது. அம்மாச்சி காலத்தில் எங்கள் வீடுகளில் தாய்க்கு மகள் கொள்ளி வைப்பாள். கோயிலிலிருந்து மாலையும் வஸ்திரமும் வரும். எங்கம்மாவுக்கு எந்தக் கோயிலிலிருந்தும் எதுவும் வரவில்லை. கொள்ளி வைத்தது என் கணவரின் தம்பி. நான் கூடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். "சித்திக்கே இப்படி அழறாளே, பெத்தவ இருந்திருந்தா என்ன ஆயிருப்பா" என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அம்மா என்று ஒரு தடவை சத்தம் போட்டுக் கத்தி அழக்கூட எனக்கு வழியில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2022இல் விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஏழு வயதில் முருகன் கோயிலில் பொட்டுக் கட்டப்பட்டவர். டிவியில் அந்த முகத்தைப் பார்த்தபோது கை தானாகக் கும்பிட்டது. இத்தனை காலம் அவர் தன் பெயரை மறைக்காமல் இருந்திருக்கிறாரே! எங்கம்மா அதைப் பார்க்க இல்லை. பார்த்திருந்தால் அன்றைக்காவது அந்தப் பதத்தை எனக்குச் சொல்லியிருப்பாளா?

சென்னையில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி நாட்டியம் கற்கிறாள். நல்ல பிள்ளை, அரைமண்டி உட்கார்ந்தால் அம்மாச்சி அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றுகிறது. சென்ற மாதம் வகுப்பில் டீச்சர் கலையின் வரலாறு சொன்னாராம். இந்தக் கலை ஒரு காலத்தில் தகாதவர்கள் கையில் சிக்கிக் கெட்டுப்போயிருந்தது, படித்த நல்ல குடும்பத்துப் பெரியவர்கள் மீட்டுத் தூய்மையாக்கினார்கள் என்றாராம். பிள்ளை நோட்டில் எழுதி வந்து என்னிடம் காட்டினாள். "யார்ட்டேர்ந்து மீட்டாங்க பாட்டி?"

சொல்லிவிட்டேன். மகனும் மருமகளும் வீட்டில் இருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். "என் அம்மாகிட்டேர்ந்து, அவ அம்மாகிட்டேர்ந்து" என்றேன். மகன் முகம் செத்துவிட்டது. அவனுக்கும் அன்றுதான் தெரியும். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு கிளாஸ்ல இதைச் சொல்லட்டுமா பாட்டி?"

நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அவள் எழுந்து நின்று, என் கொள்ளுப்பாட்டி அந்தக் குலம், அவங்க பதம் பாடுவாங்க என்று சொன்னால் உங்கள் பெண் அவள் பக்கத்தில் நின்று ஆடுவாளா? சாயங்காலம் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவருவாளா? அந்த டீச்சர் நோட்டில் எழுதச் சொன்னதை அடிக்கச் சொல்வாரா, இல்லை அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்புவாரா? பத்து வருஷம் கழித்து உங்கள் மகனுக்குப் பெண் கேட்டு வருவீர்களா? அவள் கழுத்தில் தாலி ஏறும்போது எங்களை எங்கே நிற்கச் சொல்வீர்கள்?